ரீகால் மனுவில் கையெழுத்துப் போட்ட தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியா
2021 ஆகஸ்ட், கடைசி வாரம்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஆளுநர் கேவின் நியூசமைப் பதவியிலிருந்து இறக்கக் கோரும் ரீகால் மனுவில் உங்களில் சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். போடாத பலரும், வாக்குச் சீட்டு கைக்கு வந்ததும் ‘யெஸ்’ போட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறீர்கள். ஓராண்டுக்கும் மேலாகப் பிள்ளைகள் வீட்டிலேயே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததும், ஊரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னவர் 2020 நவம்பரில் நாபா பள்ளத்தாக்கின் விலையுயர்ந்த ‘ஃபிரெஞ்ச் லாண்ட்ரி’ உணவகத்தில் விருந்தில் இருந்ததும் யாருக்குத்தான் கோபம் வரவைக்காது? அந்தக் கோபம் தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கோபத்தைக் காட்ட செப்டம்பர் 14ஆம் தேதி ரீகால் தேர்தலின் வாக்குச் சீட்டு சரியான இடமில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயம். மனுவில் கையெழுத்திட்டவர் ‘யெஸ்’தான் போடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மனுப் படிவங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் தரப்படும் ஆவணங்களும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டதை யாரும் எடுத்துப் பார்த்துக் கேட்க முடியாது. கையெழுத்தைத் திரும்பப் பெறும் கெடு ஜூன் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மாநிலம் முழுக்க 43 பேர்தான் திரும்பப் பெற்றார்கள். ஆனால் வாக்கு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து போனில் கேட்பவர்களுக்காக ஒரு வரி: இங்கே ஆளுநர் என்பவர் டெல்லி அனுப்பிவைத்து ராஜ்பவனில் இருப்பவர் இல்லை. நம்மூர் முதலமைச்சரின் வேலையைச் செய்பவர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். 2018 நவம்பரில் நியூசமுக்கு விழுந்தவை 77 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், 61.9 சதவீதம்.

இனி மனுவுக்கு வருவோம். இது நியூசமிடம் தரப்பட்டது 2020 பிப்ரவரியில், ஊரடங்கு என்ற சொல்லே இங்கு யார் வாயிலும் வராத நாளில். படிவத்தின் மேலே அச்சிட்டிருந்த குற்றச்சாட்டுகளைப் படித்துப் பார்த்தீர்களா? சட்டவிரோதமாகக் குடியேறியவர்களுக்குச் சாதகம் செய்கிறார், மரண தண்டனையில் மக்கள் தீர்ப்பை மீறிவிட்டார், வரி கூடிவிட்டது, தண்ணீருக்கு ரேஷன் வரப்போகிறது, சொத்துவரியைக் கட்டுப்படுத்தும் 13ஆம் பிரேரணையை எடுக்கப் பார்க்கிறார் என்றெல்லாம் இருந்தன. கொரோனா பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளி பூட்டியது பற்றியும் இல்லை. உங்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்ட காரணம் அந்தத் தாளிலேயே கிடையாது. சட்டம் அதைக் கண்டுகொள்ளவும் செய்யாது. மனுவில் சொன்ன காரணம் போதுமானதா என்று எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது என்று மாநில அரசமைப்புச் சட்டமே சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் முறைகேடு நடந்ததாகக் காட்டும் குற்றச்சாட்டு வேண்டும், அதை நீதிபதி பார்க்கவேண்டும். இங்கே ‘முகம் பிடிக்கவில்லை’ என்று எழுதினாலும் செல்லும்.

கையெழுத்து எண்ணிக்கையும் அப்படித்தான். முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 12 சதவீதம் இருந்தால் போதும். குறைந்தது 5 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) அந்தந்தக் கவுண்டி வாக்கில் ஒரு சதவீதமாவது வரவேண்டும். இம்முறை தேவைப்பட்டவை 14,95,709. செல்லுபடியானவை 17,19,900. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் பதிவுசெய்த வாக்காளர்கள் சுமார் 2.2 கோடி, நூற்றுக்கு எட்டுப் பேர்கூட ஆகவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை ரீகால் செய்ய வேண்டுமானால் இங்கே 20 சதவீதம் வேண்டும். மாநிலத்தையே ஆள்பவருக்கு 12. விஸ்கான்சினில் 25, அதுவும் 60 நாளுக்குள். கான்சஸில் 40.

நாள் கணக்கும் ஒன்று இருக்கிறது. கையெழுத்துத் திரட்டச் சட்டம் தரும் அவகாசம் 160 நாள். அது 2020 நவம்பர் 17ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். அதற்குள் போதிய கையெழுத்து சேரவில்லை. தொற்றுக்காலத்தில் தெருவில் நின்று ஆள் பிடிக்க முடியவில்லை என்ற வாதத்தை ஏற்று, சாக்ரமெண்டோ நீதிபதி ஒருவர் 120 நாள் நீட்டித்து 2021 மார்ச் 17 வரை கொடுத்தார். மாநில அரசு மேல்முறையீடும் செய்யவில்லை. விருந்துச் செய்தி ஊரெங்கும் பரவியதும் பணம் கொட்டியதும் பெரும்பாலும் அந்தக் கூடுதல் நாட்களில்தான். நீதிபதி செய்தது தவறு என்று வாதாட வரவில்லை. வழக்கமான கெடுவுக்குள் இந்த மனு தேறவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நாங்கள் எதிர்ப்பதற்கு முக்கியமான காரணம் சீட்டின் இரண்டாவது கேள்வி.

சீட்டில் இரண்டு கேள்விகள். கேவின் நியூசமை ஆளுநர் பதவியிலிருந்து நீக்கலாமா என்பது முதலாவது. இதில் ‘யெஸ்’ பாதிக்கு மேல் போனால் அவர் வெளியே. நீக்கப்பட்டால் அந்த இடத்துக்கு யார் என்பது இரண்டாவது. கீழே 46 பெயர்கள். இதில் பாதி வாக்குத் தேவையில்லை. மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூட வாங்கினாலே போதும். இரண்டாம் சுற்றும் கிடையாது. துணை ஆளுநர் பொறுப்பேற்கும் வழியும் கிடையாது. பதவியிலிருப்பவர் இந்த 46இல் ஒருவராக நிற்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டம் தடுத்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடிப் பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50,10,000 பேர் ‘யெஸ்’, 49,90,000 பேர் ‘நோ’. நியூசம் போய்விடுவார். இரண்டாவது கேள்வியில் பாதிப்பேர் எதையும் குறிக்காமல் விட்டால், மிச்சமுள்ள 50 லட்சம் 46 பேருக்குள் சிதறும். அதில் கால்வாசி, 12.5 லட்சம் வாங்கியவர் ஆளுநராகிவிடலாம். அதாவது, ‘இருக்கட்டும்’ என்று 49.9 லட்சம் பேர் சொன்னவரை இறக்கிவிட்டு, 12.5 லட்சம் பேர் கேட்டவரை அந்த நாற்காலியில் உட்காரவைப்பது. வழக்கமான ஆளுநர் தேர்தலில் இது நடக்கவே நடக்காது. 2010இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 14ஆம் பிரேரணைப்படி, ஜூன் முதற்சுற்றில் முதலிரு இடம் பிடித்தவர்கள் மட்டுமே நவம்பரில் மோதுகிறார்கள். ரீகால் அந்த ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு வரும் கொல்லைப்புற வழி.

‘2003இல் அப்போதைய ஆளுநர் கிரே டேவிஸை இறக்கி ஆர்னால்டைக் கொண்டுவந்தோமே, ஒன்றும் கெட்டுப்போகவில்லையே’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அன்றைக்கு 135 பேர் நின்றும், ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் 48.6 சதவீதம் வாங்கினார். வாக்குகளாகப் பார்த்தால் 42 லட்சத்துக்கு மேல். டேவிஸ் இருக்கட்டும் என்றவர்கள் 40 லட்சம். வந்தவர் போனவரைவிட அதிக வாக்கு வாங்கியதால், ஓட்டை இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. இந்த ஆண்டுக் கருத்துக் கணிப்புகளில் முன்னணியில் இருக்கும் வானொலித் தொகுப்பாளர் லாரி எல்டர் அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

விஸ்கான்சினில் 2012இல் ஆளுநர் ஸ்காட் வாக்கருக்கு எதிராக ரீகால் வந்தபோது வாக்கரும் அதே சீட்டில் வேட்பாளராக நின்றார். எதிராளியோடு நேருக்கு நேர் மோதி 53 சதவீதம் வாங்கி நீடித்தார். அப்படி ஒரு முறை இங்கே இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. நீங்கள் எதிராளிக்குப் போடுங்கள், நாங்கள் எங்களுக்குப் பிடித்தவருக்குப் போடுகிறோம் என்று முடித்திருப்போம்.

சரி, வருகிறவருக்குக் கிடைப்பது எத்தனை நாள்? முடிவுகளை மாநிலம் சான்றளிக்கும் கடைசித் தேதி அக்டோபர் 22. நியூசமின் பதவிக்காலம் 2023 ஜனவரி தொடக்கத்தில் எப்படியும் முடிகிறது. இடையில் 14 மாதம். இந்தக் கூட்டத்தொடரின் மசோதாக்களில் கையெழுத்திடும் கெடு அக்டோபர் 10; அவற்றில் நியூசமே கையெழுத்திட்டிருப்பார். புதியவர் ஜனவரி 10ஆம் தேதிக்குள் பட்ஜெட் வைக்கவேண்டும். மார்ச்சில் மறுபடி வேட்புமனு, ஜூன் 7ஆம் தேதி முதற்சுற்று. ஆட்சி செய்ய வந்தவர் முதல் நாளிலிருந்தே பிரசாரத்தில் இருப்பார். சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நியூசமின் ஜனநாயகக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கும்போது, ஊர் வரி குறையும், வீட்டு விலை இறங்கும் என்றெல்லாம் எதிர்பார்ப்பது போகாத ஊருக்கு வழி கேட்பது.

அவரால் செய்ய முடிந்தவை வேறு. அவசரநிலை ஆணைகளை அவர் தனியாகவே ரத்து செய்யலாம். கொரோனாவின் டெல்டா அலை உச்சத்தில் இருக்கிறது, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. பள்ளி ஊழியர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் அல்லது வாராவாரம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை இந்த ஆகஸ்ட் 11ஆம் தேதிதான் வந்தது. முகக்கவசம், தடுப்பூசி ஆணைகளைப் பதவியேற்றதும் எடுத்துவிடுவேன் என்கிறார் எல்டர். சரியான குறைந்தபட்சக் கூலி பூஜ்யம் டாலர் என்று சொன்னவரும் அவர்தான். கூலிச் சட்டத்தை அவர் ஒருவராக மாற்றிவிட முடியாது; ஆனால் மனம் எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. நீதிபதிகள், மாநிலக் கல்வி வாரியம், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி வாரிய உறுப்பினர்களான ரீஜெண்டுகள் ஆகியோரை நியமிப்பதும் ஆளுநரே. ரீஜெண்டுகளின் பதவிக்காலம் 12 ஆண்டு. 14 மாத ஆளுநர் போட்ட ஆள், இப்போது மழலைப் பள்ளியில் இருக்கும் உங்கள் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த வாரியத்தில் இருப்பார்.

செனட் இடமும் இருக்கிறது. துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது அமெரிக்க செனட்டில் காலியான கலிஃபோர்னியா இடத்துக்கு அலெக்ஸ் படியாவை நியமித்தது நியூசம். தேர்தல் நடத்தி இல்லை, ஆளுநரின் அதிகாரத்தில். இப்போது செனட்டில் இரண்டு பக்கமும் 50-50, சமநிலையை உடைப்பது ஹாரிஸின் வாக்கு. மாநிலத்தின் மூத்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டீனுக்கு வயது 88. அவர் நீண்ட நாள் நலமாக இருக்கட்டும். ஆனால் எந்தக் காரணத்தால் அந்த இடம் காலியானாலும் நிரப்புவது அன்றைய ஆளுநர்தான். பன்னிரண்டரை லட்சம் வாக்கில் வந்தவர் அமெரிக்க செனட்டின் பெரும்பான்மையையே மாற்றிவிடலாம்.

நியூசம் மீதான குறைகளை மூடி மறைக்க நாங்கள் தயாரில்லை. வேலையின்மை உதவித்தொகையில் 1,100 கோடி டாலருக்கு மேல் மோசடியாகப் போனதை ஜனவரியில் மாநில அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். நிஜமாக வேலை இழந்தவர்கள் மாதக்கணக்கில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வீடில்லாதவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பள்ளி திறப்பை ஒவ்வொரு கல்வி மாவட்டத்தின் தலையிலும் கட்டிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். இந்த ரீகால் தேதியை முன்னுக்கு இழுத்ததும் அவர் கட்சிக்காரர்களின் கணக்குதான். இவற்றுக்கெல்லாம் கணக்குக் கேட்கும் நாள் அடுத்த ஜூன், அதற்கடுத்து நவம்பர் 8. இன்னும் ஒன்பது மாதத்தில் முறைப்படி வரப்போகும் தேர்தலுக்கு முன்னால் இன்னொரு தேர்தல் நடத்த, நிதித் துறையின் மதிப்பீட்டில் 27.6 கோடி டாலர் செலவு. பதிவான வாக்காளர் தலைக்கு 12 டாலருக்கு மேல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை இது. அதுவும் ஒன்பது மாதத்தில் காலிசெய்யும் உரிமை கையில் இருக்கும் வாடகை வீட்டை.

இனி சீட்டை எப்படி நிரப்புவது என்று சொல்லிவிடுகிறோம். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் கேள்வியில் ‘யெஸ்’ என்றால் நீக்கு, ‘நோ’ என்றால் இருக்கட்டும். நியூசமை ஆதரிக்கிறேன் என்று நினைத்து ‘யெஸ்’ போடும் அபாயம் பெரியவர்களிடம் அதிகம். அவர் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயரும் இருக்காது; அதைச் சேர்க்கும் படிவத்தை அவர் தரப்பு உரிய நேரத்தில் தராததால் ஜூலையில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. கட்சியைத் தேடிக் குழம்பவேண்டாம்.

இரண்டாவது கேள்வியை வெற்றாக விடச் சொல்கிறது அவருடைய கட்சி. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ‘நோ’ போட்டவரும் இரண்டாவது கேள்வியில் ஒருவரைக் குறிக்கலாம். இரண்டும் தனித்தனியே எண்ணப்படும். ஒன்றில் போடாவிட்டால் மற்றதும் செல்லாது என்ற பழைய விதி 2003இலேயே நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனது. வெற்றாக விடுபவர் தன் பங்கு முடிவையும் மற்றவர் கையில் கொடுத்துவிடுகிறார். மேலே போட்ட கணக்கில் 12.5 லட்சம் என்று வந்ததே பாதிப்பேர் வெற்றாக விட்டதால்தான். 46 பேரில், ஒரு நிர்வாகத்தை நடத்திய அனுபவம் உள்ளவரைப் பாருங்கள். சான் டியேகோவின் மேயராக 2014 முதல் 2020 வரை இருந்த கெவின் ஃபால்கனர் அப்படி ஒருவர்; அவர் குடியரசுக் கட்சிக்காரர் என்பது தெரிந்தேதான் சொல்கிறோம். யாரைக் குறிப்பது உங்கள் விருப்பம். பெயரை மட்டும் நின்று படியுங்கள். ஃபால்கனர், கைலி, பாஃப்ராத் என்று குறைந்தது மூன்று கெவின்கள் அந்தப் பட்டியலில் உண்டு. கேவின் அதில் இல்லை. காலி வரியில் ‘நியூசம்’ என்று எழுதினாலும் எண்ண மாட்டார்கள்.

இரண்டு பெயரைக் குறித்தால் அந்தக் கேள்வி செல்லாது. பிழை நேர்ந்தால் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேட்டு மாற்றுச் சீட்டு வாங்கலாம். சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். உறையின் மேல் கையெழுத்துப் போடாமல் விடாதீர்கள். உறையில் யார் பெயர் அச்சிட்டிருக்கிறதோ அவர் கையெழுத்துதான் இருக்கவேண்டும். ஒரே மேசையில் உட்கார்ந்து நிரப்பும் கணவனும் மனைவியும் உறையை மாற்றிப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கையெழுத்தை, வாக்காளர் பதிவிலும் வாகன உரிமத் துறையான டிஎம்வியிலும் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். உரிமம் எடுத்தபோது அப்பா தமிழில் கையெழுத்திட்டிருந்தால் இப்போதும் தமிழிலேயே போடட்டும். கை நடுங்குகிறது என்று மகன் போட்டுக் கொடுக்கக் கூடாது. கையெழுத்திட முடியாதவர் ஒரு குறி போட்டு, பக்கத்தில் சாட்சி ஒருவர் கையெழுத்திடலாம். உறையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் கையெழுத்திட வேண்டிய இடம் வேறு. அதையும் வாக்காளர் இடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உறையில் துளை இருக்கிறது, அதன் வழியே ‘யெஸ்’ தெரிகிறது, கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு வாட்ஸாப் செய்தி சுற்றுகிறது. அந்தத் துளைகள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கையெழுத்திடும் இடத்தைத் தடவிக் கண்டுபிடிக்கவும், எண்ணும்போது உறைக்குள் சீட்டு தங்கிவிட்டதா என்று ஊழியர் பார்க்கவும் வைத்தவை. மனம் கேட்காவிட்டால் சீட்டை வேறு பக்கமாக மடித்து வையுங்கள், முடிந்தது.

தபால்தலை வேண்டாம், செலுத்தியாயிற்று. செப்டம்பர் 14ஆம் தேதிக்குள் தபால் முத்திரை விழவேண்டும், 21க்குள் அலுவலகம் சேரவேண்டும். 14ஆம் தேதி மாலை, கடைசியாகத் தபால் எடுத்துப் போனபிறகு பெட்டியில் போட்டால் 15ஆம் தேதி முத்திரை விழும், வாக்கு செல்லாது. அன்றைக்கு என்றால் இரவு 8 மணிக்குள் அதிகாரபூர்வ வாக்குப் பெட்டியிலோ வாக்குச்சாவடியிலோ சேர்த்துவிடுங்கள். பதிவுக் கெடு ஆகஸ்ட் 30. தவறவிட்ட குடிமக்கள் சாவடியிலேயே அன்றைக்கே பதிவுசெய்து வாக்களிக்கலாம்.

பச்சை அட்டை, எச்1பி வைத்திருப்பவர்கள் கவனிக்க: குடியுரிமை இல்லாதவர் வாக்களித்தால் நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகும். 2018இல் டிஎம்வியின் தானியங்கிப் பதிவுக் கோளாறால் தகுதியில்லாத சிலர் பெயர்களும் பட்டியலில் ஏறியிருந்தன. உங்கள் பெயருக்கு உறை வந்திருந்தால் நிரப்பாதீர்கள். கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். எழுதியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய சீட்டு எங்கே இருக்கிறது என்பதை மாநிலத்தின் ‘வேர்ஸ் மை பேலட்’ சேவையில் பதிந்தால் குறுஞ்செய்தியாகச் சொல்வார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு படிவம் இருக்கும்; கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். கவுண்டி முடிவுகளைச் சான்றளிப்பதற்கு இரண்டு நாள் முன்பு மாலை 5 மணி வரை அதற்கு நேரம் உண்டு.

இப்படிக்கு,
கலிஃபோர்னியாவில் வாக்குரிமை உள்ள தமிழர் சிலர்